இடது கண்ணின் மீதான விசாரணை

அழகேசனின் இடது கண்ணில் நீர் வடியத் தொடங்கியது 2002ஆம் வருடம் தை மாதத்தில். கோப்பில் அது மாசி மாதம் என்று இருக்கிறது. முதல் மாதம் வடிந்த நீருக்கு மனு கொடுக்கப்படவில்லை என்பதால் கழகம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் பஸ் டிரைவர். வயது நாற்பத்தாறு. அவர் வேலை பார்த்த போக்குவரத்து நிறுவனத்தை அங்கே எல்லோரும் கழகம் என்றுதான் சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்வோம். அரியலூரிலிருந்து திருமானூர் வழியாகத் தஞ்சாவூர் போகும் பஸ். பத்தொன்பது வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

மாசியில் ஒரு நாள் காலை கொள்ளிடம் பாலத்தில் எதிரே ஒரு லாரி வந்தது. கொஞ்சம் நெருங்கியதும் இரண்டு லாரிகள் வந்தன. எது உண்மையான லாரி என்று தெரியாததால் இரண்டுக்கும் வழிவிட்டு ஒதுங்கினார். பஸ்ஸின் இடது பக்கம் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உரசிக்கொண்டே போயிற்று. கண்டக்டர் பிச்சைமுத்து விசிலை ஊதிவிட்டு முன்னால் ஓடி வந்தான்.

“என்னண்ணே, தூங்கிட்டீங்களா?”

“இல்லடா. கண்ணுல தண்ணி. எல்லாம் கலங்கிப் போச்சு.”

பிச்சைமுத்து ஜன்னல் வழியே கீழே பார்த்தான். கோடையில் மணலாகக் கிடக்கும் ஆற்றில் அப்போது கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அவன் தன் துண்டை எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் அழகேசன் அரியலூரில் கண் டாக்டர் சமீராவிடம் போனார். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து படித்து வந்தவர்; வெடுக்கென்று பேசுவார், ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார். விளக்கை அடித்து இமையைப் புரட்டிப் பார்த்தார்.

“கண்ணுல தண்ணி வர்றதுக்கு ரெண்டு வழிதாங்க. ஒண்ணு, அதிகமா ஊறணும். தூசி, அலர்ஜி, இமை முடி உள்பக்கமா திரும்பிக் குத்துறது, கண்ணு காஞ்சு போறது, இதெல்லாம் அந்த ரகம்.”

“காஞ்ச கண்ணுலயா தண்ணி வரும்?”

“வரும். எரிச்சல் தாங்காம ஒடம்பு அளவுக்கு மீறி விட்டுடும். ரெண்டாவது, வடிகால் அடைச்சிருக்கணும். கண்ணுலேர்ந்து மூக்குக்கு ஒரு சின்னக் குழாய் போகுது. அது அடைச்சா போக வழியில்லாம கன்னத்துல வழியும்.”

இமையோரத்தில் இருந்த ஊசிமுனைத் துவாரத்தில் உப்புநீரைச் செலுத்தினார்.

“தொண்டையில உப்புக் கரிக்குதா?”

“இல்லீங்களே.”

“கரிக்கணும். செலுத்துன தண்ணி திரும்பி மேலேயே வருது. ஒங்களுக்கு அடைப்புதான். திருச்சியில ஆபரேஷன் பண்ணிக்கலாம், பயப்பட ஒண்ணுமில்ல. மூணு வாரம் லீவு வேணும். அதுவரைக்கும் பஸ் எடுக்காதீங்க. ஒங்க ஒரு கண்ணு கலங்குனா பஸ்ஸுல இருக்கற அறுபது பேருக்கும் கலங்குன மாதிரி.”

அதையே கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அழகேசன் டெப்போவுக்கு வந்தபோது, மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றே நம்பினார்.

கிளை மேலாளர் வீரமணி கடிதத்தை இரண்டு முறை படித்தார். யாரையும் நிற்கவைத்துப் பேச மாட்டார், நாற்காலியைக் காட்டினார்.

“அழகேசன், கழகம் ஒரு தாய் மாதிரி. புள்ள கண்ணீர் விட்டா தாய் தொடைக்கத்தான் செய்வா. ஆனா ஏன் அழறேன்னு கேட்டுட்டுத்தான் தொடைப்பா.”

“நான் அழலீங்க சார். அது பாட்டுக்கு வடியுது.”

“அத நீங்க முடிவு பண்ணக் கூடாது.” மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். “இதுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. வேலையால வந்ததா, வேலைக்கு வெளியில வந்ததா? வேலையால வந்ததுன்னா கழகம் பொறுப்பேத்துக்கணும். கழகம் இதுவரைக்கும் எதுக்கும் பொறுப்பேத்துக்கிட்டதில்ல. ஒங்க ஒருத்தர் கண்ணுக்காக அந்த நல்ல பேரக் கெடுத்துக்க முடியுமா?”

“அப்ப வெளியில வந்ததுன்னே எழுதிக்குங்க சார். எனக்கு லீவு கெடைச்சாப் போதும்.”

“ஆதாரம் இல்லாம எப்படி எழுதறது? பொய் எழுதச் சொல்றீங்களா?” வீரமணிக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. “குழு போட்டு விசாரிப்போம்.”

“அதுவரைக்கும் சார்?”

“அதுவரைக்கும் நீங்க ஆரோக்கியமானவர். விசாரணை முடியாம ஒருத்தர நோயாளின்னு சந்தேகப்படறது இயற்கை நீதிக்கு விரோதம். நாளைக்கு மொத ட்ரிப் ஒங்களுதுதானே?”

அழகேசன் எழுந்தார். அப்போது நகரத்துக்கு வெளியே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வீரமணி மேசைமேல் படிந்த வெள்ளைப் பொடியைக் கோப்பு அட்டையால் தள்ளிவிட்டு, கைக்குட்டையால் இரண்டு கண்களையும் ஒற்றிக்கொண்டார்.

முதலில் மாவட்ட மருத்துவக் குழுவுக்கு அனுப்பலாம் என்று முடிவானது. அரியலூர் தனி மாவட்டமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. கடிதம் தயாராகி, மேலாளர் கையெழுத்து விழுந்து, முத்திரை குத்தப்பட்ட வாரத்தில் மாவட்டத்தைத் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். இல்லாத மாவட்டத்துக்குக் கடிதம் அனுப்ப விதியில்லை. இருக்கிற மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் முதலிலிருந்து மனு கொடுக்க வேண்டும். அழகேசன் முதலிலிருந்து மனு கொடுத்தார். இந்த முறை வெளியே அனுப்பாமல் கழகமே சொந்தமாக மூன்று பேர் குழுவை அமைத்தது. அதற்குள் வைகாசி வந்துவிட்டது.

குழுவில் இருந்த மூவரும் கண் பற்றிப் படித்தவர்கள் இல்லை. தலைவர் டயர் பிரிவில் இருந்தவர். மற்ற இருவர் தலைவர் சொல்வதை எழுதுகிறவரும், எழுதியதைச் சரிபார்க்கிறவரும். ஓடும் பஸ்ஸில் டிரைவரின் கண்ணை நேரில் கவனிப்பது என்று தீர்மானித்தார்கள். ஆனால் பஸ்ஸில் ஏறவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் ஜீப்பில் வந்தார்கள்.

“பின்னால வந்தா என் கண்ணு எப்படிங்க தெரியும்?” என்று அழகேசன் கேட்டார்.

“பஸ் எப்படிப் போவுதுன்னு பாத்தே கண்ணு எப்படின்னு சொல்லிடுவோம்” என்றார் தலைவர்.

முதல் நிறுத்தத்தில் இறங்கி வந்து பஸ்ஸைச் சோதித்தார்கள். பின் சீட்டில் சின்ன வெங்காய மூட்டைகள் இருந்தன. மூட்டைக்குச் சொந்தக்காரி பெரியம்மாள், பெரம்பலூர்ப் பக்கத்துக் காட்டில் வாங்கித் தஞ்சாவூர்ச் சந்தையில் விற்கிறவள். ‘வெங்காயம், பயணிகளால் கொண்டுவரப்படுவது, கழகத்துக்குச் சம்பந்தமில்லை’ என்று எழுதிக்கொண்டார்கள்.

“உரிக்காத வெங்காயத்துல எப்படிய்யா கண்ணு கலங்கும்?” என்று பெரியம்மாள் கேட்டாள். அது எழுதப்படவில்லை.

சிமென்ட் ஆலைகளைத் தாண்டும் இடத்தில் சாலையோரப் புளியமரங்கள் சாம்பல் பூசியது போல நின்றன. லாரிகள் போகப் போக வெள்ளைப் புழுதி எழுந்தது. ஜீப்பில் கண்ணாடி இல்லை. அடுத்த நிறுத்தத்தில் மூவரும் இறங்கியபோது மூவர் கண்களும் சிவந்து, கன்னத்தில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அழகேசனுக்குத் தன் கஷ்டம் புரிந்துவிட்டது என்று மகிழ்ச்சி.

“பாத்தீங்களா சார்? தூசியிலயும் எனக்கு இன்னும் அதிகமாவுது. எழுதிக்குங்க.”

“எந்தத் தூசி?” என்றார் தலைவர் மூக்கை உறிஞ்சியபடி.

“இப்ப வந்தமே சார்.”

“இந்த ரோட்டுல தூசியில்லன்னு சான்றிதழ் வாங்கி வச்சிருக்காங்க. இல்லாத தூசி எப்படிக் கண்ணுல விழும்?”

“அப்ப ஒங்க கண்ணுல தண்ணி?”

தலைவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுதுகிறவரிடம் சொன்னார்: “ஓட்டுநரின் நிலை கண்டு குழுவினர் மனம் உருகினர்னு போடுங்க.”

அடுத்து வீட்டுக்கு வந்தார்கள். அழகேசன் குடும்பம் திருமானூரில் இருந்தது. மனைவி அம்சவள்ளி பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் வேலை. மகள் சிவரஞ்சனி தஞ்சாவூரில் கல்லூரி முதல் வருடம் படித்தாள்.

தலைவர் அடுப்பைப் பார்த்தார். பிறகு அம்சவள்ளியைப் பார்த்தார். “நீங்க சத்துணவுக் கூடத்துல வெறகு அடுப்புதானே எரிக்கறீங்க? அந்தப் பொகை ஒங்க சேலையில ஒட்டிக்கிட்டு வந்து இவரு கண்ணுல பட்டிருக்கலாம்.”

“அப்படின்னா மொதல்ல என் கண்ணுல்ல ஒழுவணும்?”

“ரெண்டு பேருக்கும் சண்டை சச்சரவு உண்டா?”

“இதுவரைக்கும் இல்ல. நீங்க போனப்பறம் வரும்.”

துக்கம் என்ற தலைப்பில் அரை மணி நேரம் விசாரித்தார்கள். அழகேசனின் அம்மா செத்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அந்தத் துக்கம் முடிந்துவிட்டதா, பாக்கி இருக்கிறதா என்று கேட்டார்கள். அழகேசனுக்கு அம்மா முகம் ஞாபகம் வந்து இரண்டு கண்களும் கலங்கிவிட்டன. எழுதுகிறவர் சட்டென்று குனிந்து எழுதினார்: ‘விசாரணையின்போது வலது கண்ணிலும் நீர் காணப்பட்டது. மனுவில் இடது கண் மட்டுமே குறிப்பிடப்பட்டுள்ளது. முரண்பாடு.’

அன்று அம்சவள்ளி சோறு போடும்போது கேட்டாள். “போறாங்கன்னு வுட்டுட்டு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்துடலாம்ல?”

“லீவு இல்லாமப் போனா ஓடிப்போனவன்னு பேரு வச்சுடுவாங்க. வேலை போயிடும். இவ படிப்பு?”

சிவரஞ்சனி தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

ஆடி மாதம் விக்கிரமங்கலத்திலிருந்து வந்த ஒரு சைக்கிள்காரர் பஸ்ஸின் இடது மூலையில் பட்டு வயலில் விழுந்தார். சேறாக இருந்ததால் கை மட்டும் பிசகியது. அழகேசன் ஓடிப்போய் அவரைத் தூக்கினார். “நான் பாக்கலீங்க, சத்தியமா பாக்கலீங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மனிதர், “பாக்காமத்தான் சாமி இடிச்சிருப்பீங்க, பாத்து யாரு இடிப்பாங்க” என்று இவரைத் தேற்றினார்.

கவனக்குறைவு என்று கழகம் மெமோ கொடுத்தது. கண் தெரியவில்லை என்று அழகேசன் பதில் எழுதினார். கண் குறித்த விசாரணை நடந்துகொண்டிருப்பதால் கண்ணைக் காரணமாகச் சொல்லக் கூடாது என்று பதிலைத் திருப்பி அனுப்பினார்கள். வேறு காரணம் எழுதச் சொன்னார்கள். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு ‘சைக்கிள் வந்தது’ என்று எழுதிக் கொடுத்தார். அது ஏற்கப்பட்டது.

ஆனால் கழகம் கல்மனம் கொண்டதல்ல. ஆவணி முதல் தேதியில் ஓர் உத்தரவு வந்தது. நடத்துநர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டுநரின் இடது கண்ணைத் துடைக்க வேண்டும். அதனால் பயணச்சீட்டு கொடுப்பது தடைபடக் கூடாது. துணியை நடத்துநரே கொண்டுவர வேண்டும். பிச்சைமுத்து ஒரு கையில் டிக்கெட் கட்டும் மறு கையில் பழைய வேட்டித் துண்டுமாக முன்னும் பின்னும் ஓடினான். கூட்டமாக இருந்தால் முன்னால் வர முடியாது. அப்போது பின்னாலிருந்து துணியைக் கொடுத்தனுப்புவான். பயணிகள் கைமாற்றிக் கைமாற்றி முன் சீட்டுக்கு அனுப்ப, முன் சீட்டில் இருப்பவர் எட்டித் துடைப்பார். சில நாட்களில் தவறுதலாக வலது கண்ணைத் துடைத்துவிடுவார்கள். அந்தச் சில விநாடிகளில் அழகேசனுக்கு எதுவுமே தெரியாது. ஸ்டியரிங்கை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

ஐப்பசியில் கழகம் பாதுகாப்பு வாரம் கொண்டாடியது. பொது மேலாளர் வந்திருந்தார். பந்தலில் ஆண்டிமடத்திலிருந்தும் ஜெயங்கொண்டத்திலிருந்தும் வந்த டிரைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எதிர்பாராமல் அழகேசனை மேடைக்கு அழைத்தார்கள். மைக் முன்னால் அவரை நிறுத்தி, தோளில் கைபோட்டுக்கொண்டு பொது மேலாளர் பேசினார்.

“இந்த ஓட்டுநரின் கண்ணைப் பாருங்கள். இவர் ஏன் கண்ணீர் விடுகிறார்? பயணிகள் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலையில் விடுகிறார்! உலர்ந்த கண்ணோடு ஓட்டுகிற மற்றவர்களே, உங்களைக் கேட்கிறேன், உங்களுக்கு மனசு இல்லையா? ஒன்பது மாதமாக வடிகிறது. ஒன்பது மாதமும் இவர் ஒருநாள் விடுப்பு எடுக்கவில்லை!”

“கேட்டேங்க சார், குடுக்கல” என்று அழகேசன் மெதுவாகச் சொன்னார். மைக்கில் அது கேட்டது. கைதட்டலில் அமுங்கிவிட்டது. கழுத்தில் போட்ட மாலையின் பூவிதழ் ஒன்று இடது கன்னத்தின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. போட்டோ எடுத்து டெப்போ வாசலில் மாட்டினார்கள்.

கீழே உட்கார்ந்திருந்த டிரைவர்களில் பலர் அப்போது தலையைக் குனிந்துகொண்டதை அழகேசன் கவனித்தார். தன்மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டார்.

கார்த்திகை கடைசியில் மூடுபனி இறங்கத் தொடங்கியது. அழகேசன் மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். “நாளையிலேர்ந்து நம்ம பஸ்ஸுல ஏறாதம்மா. பத்து நிமிஷம் கழிச்சு கலியமூர்த்தி ஓட்டற வண்டி வரும். அதுல போ.”

“ஏம்ப்பா?”

“சொன்னாக் கேளு.”

சிவரஞ்சனி போனபின் அம்சவள்ளி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“நம்ம புள்ளைய வேற வண்டியில அனுப்பிட்டீங்க. சரி. ஒங்க வண்டியில ஏறறதெல்லாம் யாரு வூட்டுப் புள்ளைங்க?”

அன்று இரவு முழுவதும் அவர் தூங்கவில்லை.

மார்கழி பிறந்து நாலாம் நாள். முதல் ட்ரிப். திருமானூரில் ஏறியவர்களோடு சேர்த்து ஐம்பத்தெட்டுப் பேர். பாலத்துக்கு வந்தபோது எதிரே வெள்ளைத் துணி கட்டியது போலப் பனி. ஹெட்லைட் வெளிச்சம் பத்தடியில் செத்துப்போனது. பிச்சைமுத்து துணியோடு முன்னால் வந்து துடைத்தான். துடைத்த கையோடு திரும்பக் கலங்கியது. முன் சீட்டில் கல்லூரிப் பெண்கள் நாலு பேர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அழகேசன் அவர்களைக் கண்ணாடியில் பார்த்தார். நாலு பேரும் எட்டுப் பேராகத் தெரிந்தார்கள்.

பாலத்தின் வாயில் பஸ்ஸை நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

“எல்லாரும் எறங்குங்க. எனக்குக் கண்ணு தெரியல. ஒங்களையெல்லாம் வச்சுக்கிட்டு இந்தப் பாலத்துல என்னால ஓட்ட முடியாது.”

பஸ்ஸுக்குள் சத்தம் எழுந்தது. வேலைக்கு நேரமாகிறது என்றார்கள். குடித்திருக்கிறாயா என்று ஒருவர் சட்டையைப் பிடித்தார். பெரியம்மாள்தான் முதலில் இறங்கினாள். “வாங்கய்யா, நடந்தா ஒண்ணும் காலு தேயாது. கண்ணு தெரியலங்கறான், அப்பறம் என்ன?” என்று வெங்காயக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஒருவர் பின் ஒருவராகக் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு பனிக்குள் போனார்கள். கீழே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

பாதிப் பாலத்தில் பெரியம்மாள் எதிலோ முட்டிக்கொண்டு “யாத்தே” என்றாள். கையால் தடவிப் பார்த்தார்கள். கரும்பு. அச்சு முறிந்த டிராக்டர் டிரெய்லர், நடுச்சாலையில் குறுக்கே, ஒரு விளக்குகூட இல்லாமல் நின்றது. டிராக்டர் ஓட்டியவன் ஆள் கூப்பிடப் போயிருந்தான். ஐம்பத்தெட்டுப் பேரும் அதைச் சுற்றி நின்றார்கள். சட்டையைப் பிடித்தவர் திரும்பி நடந்து வந்து, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்த அழகேசனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலமே அழகேசனை சஸ்பெண்ட் செய்தார்கள். குற்றச்சாட்டு மூன்று. பஸ்ஸை நடுவழியில் நிறுத்தியது. டிக்கெட் வாங்கிய பயணிகளை நடக்கவைத்தது. தன் கண்ணைப் பற்றிய விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது அதே கண்ணைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துச் சொன்னது.

விசாரித்தவர்கள் அதே மூவர்; வீரமணியும் உடனிருந்தார். பெரியம்மாள் சாட்சி சொல்ல வந்தாள்.

“டிராக்டர் நின்றதாகச் சொல்கிறீர்கள். பஸ் அதில் மோதியதா?” என்று தலைவர் எழுத்துத் தமிழில் கேட்டார். விசாரணைகளில் அவர் அப்படித்தான் பேசுவார்.

“மோதலீங்க.”

“மோதாத ஒன்றை நாங்கள் எப்படி ஆதாரமாக எடுத்துக்கொள்வது?”

“மோதியிருந்தா நான் எப்படிங்க வந்து சாட்சி சொல்றது?”

மூவரும் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். பிறகு தலைவர் முடிவை அறிவித்தார். ஓட்டுநர் பஸ்ஸை நிறுத்தாமல் போயிருந்தால் விபத்து நடந்திருக்குமா என்பது தெரிந்தால்தான் அவர் நிறுத்தியது குற்றமா இல்லையா என்று சொல்ல முடியும். எனவே அதே பாலத்தில், அதே நேரத்தில், அதே பனியில், அதே போன்ற டிராக்டரைக் குறுக்கே நிறுத்தி, அதே ஓட்டுநர் அதே வேகத்தில் பஸ்ஸை ஓட்டிக்காட்ட வேண்டும். “மோதினால் நீங்கள் நிரபராதி. மோதாவிட்டால் குற்றம் நிரூபணம். இதைவிட நேர்மையாக யாரும் விசாரிக்க முடியாது.”

அம்சவள்ளி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழகேசன் எழுந்து நின்றார். பத்து மாதமாக அவர் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

“சரிங்க சார். ஓட்டறேன். ஆனா நடந்தது நடந்த மாதிரியே இருக்கணும்ங்கறீங்க. அன்னிக்கு முன் சீட்டுல ஆளு இருந்தாங்க. நீங்க மூணு பேரும் அதுல உக்காரணும். மேனேஜர் சார் கண்டக்டர் எடத்துல நின்னு கண்ணத் தொடைக்கட்டும்.”

“நாங்கள் ஜீப்பில் பின்னால் வருவோம்.”

“ஜீப்பு அன்னிக்கு இல்லீங்க சார். விதி மாறிடும்.”

தலைவர் வீரமணியைப் பார்த்தார். வீரமணி ஜன்னலைப் பார்த்தார். எழுதுகிறவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

“அவருடைய கண் எந்த அளவுக்கு மோசம்?” என்று தலைவர் மெல்லக் கேட்டார். இத்தனை மாதத்தில் அவர் இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

“ரொம்ப மோசங்க சார்” என்றார் வீரமணி.

பதினோரு நிமிடத்தில் தீர்ப்பு தட்டச்சு செய்யப்பட்டுவிட்டது. இடது கண்ணில் நீர் வடிவது உண்மை. காரணம் அடைப்பு. பஸ் ஓட்டத் தகுதியில்லை. மூன்று வாரம் விடுப்பு. அடைப்பு கழகத்தால் ஏற்பட்டதல்ல.

திருச்சியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து, டாக்டர் உப்புநீரைச் செலுத்தியபோது அழகேசனுக்குத் தொண்டை கரித்தது. அவர் அதை விழுங்கிவிட்டுச் சிறுபிள்ளை போலச் சிரித்தார்.

மாசியில் வேலையில் சேர வந்தார். சங்கதி அதற்குள் மாறியிருந்தது. அழகேசனுக்கு விடுப்பு கிடைத்தது என்று கேள்விப்பட்டதும், கண்ணில் நீர் வடிகிறது என்று மற்ற டிரைவர்களும் மனுக் கொடுத்திருந்தார்கள். ஒருவருக்குத் தூசி ஒவ்வாமை. ஒருவருக்கு இமை முடி குத்தியது. ஒருவருக்குக் கண் காய்ந்து போயிருந்தது. இத்தனை நாளும் வேலை போய்விடும் என்ற பயத்தில் துடைத்துத் துடைத்து மறைத்து ஓட்டியவர்கள். மொத்தம் பதினாலு மனு.

வீரமணி பூரிப்போடு இருந்தார். “ஒங்களாலதான் அழகேசன். குழுவ நிரந்தரமாக்கிட்டாங்க! தனி ரூம், தனி ஜீப்பு. வருஷத்துக்கு ஒரு மனுவ நிதானமா விசாரிப்பாங்க.”

“அதுவரைக்கும் அவங்க சார்?”

“அதுவரைக்கும் எல்லாரும் ஆரோக்கியமானவங்கதான்.”

“அந்தப் பட்டியலக் கொஞ்சம் பாக்கலாங்களா?”

தெளிந்த கண்ணால் படித்தார். நாலாவது பெயர் கலியமூர்த்தி. இரண்டு கண்களும். ஒன்றரை வருடமாக.

பனிக்காலம் முழுவதும், பத்திரமான வண்டி என்று நம்பி, அவர் தன் மகளை ஏற்றி அனுப்பியது அந்தக் கலியமூர்த்தியின் வண்டியில்தான்.

அன்று அவருக்கு டியூட்டி போடவில்லை, மறுநாளிலிருந்துதான். வீட்டுக்குப் போகாமல் பஸ் நிலையத்துக்கு நடந்தார். தஞ்சாவூர் வண்டி கிளம்ப நின்றது. உட்கார இடமில்லை; படியிலும் ஆட்கள். கலியமூர்த்தி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து ஈரத் துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டிருந்தான். துண்டை எடுத்தபோது கண்கள் இரண்டும் பழுத்த மிளகாய் போல இருந்தன. அழகேசனைப் பார்த்ததும் அவசரமாகத் துண்டை மடியில் மறைத்தான்.

அழகேசன் முன்வாசலில் ஏறி, கியர்பெட்டிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எங்கண்ணே போறீங்க?” என்றான் கண்டக்டர்.

“தஞ்சாவூருக்கு ஒரு டிக்கெட் குடு.”

“அங்க என்ன வேலை?”

“அங்க ஒண்ணும் இல்ல.”

விசில் ஒலித்தது. பஸ் நகர்ந்து ஆலைச் சாலைக்குத் திரும்பியது. எதிரே புழுதி சுவராக எழுந்து நின்றது. அழகேசன் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கலியமூர்த்தியின் காதருகே பேசத் தொடங்கினார்.

“லாரி வருது. ஒண்ணுதான். இடதுல நெறைய எடம் இருக்கு, பயப்படாத. ரோட்டோரமா ஒரு பொம்பள ரெண்டு புள்ளைங்களோட போவுது. மெதுவா. இன்னும் மெதுவா. கலியமூர்த்தி, பிரேக்க மிதி. மிதிடா.”